குரங்குப் பெடலை விட்டு இறங்குவோம்



ரோடு பைக் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எதை வாங்குவது, எப்படி ஓட்டுவது, எப்படிப் பயிற்சி எடுப்பது என்று மூன்று கேள்விகளைக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் போகும் முன்னால் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த அரங்கில் குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகியவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

பாதி அரங்குக்கு மேல் கை தூக்கியிருக்கிறது. மகிழ்ச்சி.

கை தூக்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தது அப்பாவின் சைக்கிள் ஒன்றுதான். கறுப்பு வண்டி, 28 அங்குலச் சக்கரம், தூக்கினால் தோள் இறங்கும் கனம். சீட்டில் உட்கார்ந்தால் எங்களுக்குப் பெடல் எட்டாது. அதற்காக ஓட்டாமல் இருந்தோமா? பாருக்குக் கீழே வலது காலை நுழைத்தோம். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தோம், மறு கையால் சீட்டை அணைத்துக்கொண்டோம். உடம்பை வில்லாக வளைத்து, அரைப் பெடல் அரைப் பெடலாக மிதித்து, தெருமுனை வரை போய்த் திரும்பினோம். முட்டி சிராய்த்தது. கணுக்கால் செயின் கவரில் இடித்தது. ஆனாலும் ஓட்டினோம். வேறு வழியில்லாத பிள்ளைகளின் வீரம் அது. அதை நான் வணங்குகிறேன்.

இன்று நமக்கு வழி இருக்கிறது. அறுபதாயிரம் கொடுக்கிறோம், ஒரு லட்சம் கொடுக்கிறோம், அதற்கு மேலும் கொடுக்கிறோம். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், இருபது கியர் என்று வண்டி பளபளவென்று வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சாலைகளில் நின்று பாருங்கள். எட்டாத ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துக்கொண்டு கழுத்து வலிக்க ஒருவர் போகிறார். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து, முட்டி நெஞ்சுக்கு வர இன்னொருவர் மிதிக்கிறார். கால் பெடலில் இருக்கிறது, பணம் செலவாகியிருக்கிறது, ஆனால் நடப்பது என்ன? குரங்குப் பெடல்தான். பெரியவர்களான பிறகும் உடம்பை வண்டிக்கு வளைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இன்று மாலை நான் கேட்கப்போவது ஒரே கேள்வி. வாங்கும்போதும் அதைத்தான் கேட்பேன், ஓட்டும்போதும் அதைத்தான் கேட்பேன், பயிற்சியிலும் அதைத்தான் கேட்பேன். வண்டி நமக்கா, நாம் வண்டிக்கா?

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நாற்பது வயது தாண்டிய பிறகு முதல் ரோடு பைக் வாங்கினேன். என் உயரம் 165 சென்டிமீட்டர். கடையில் இருந்தது 56 என்ற அளவு. எனக்கு 51, 52 போதும் என்று இன்று தெரியும், அன்று தெரியாது. "இது மட்டும்தான் சார் ஸ்டாக்குல இருக்கு, ஹேண்டில்பாரைத் தாங்குற ஸ்டெம்மை மாத்திக்கலாம்" என்றார்கள். நம்பினேன். ஆறு மாதம் ஓட்டினேன். ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தான் போட வராது. குறை என் உடம்பில் என்றுதான் நினைத்தேன். ஜெல் வைத்த கையுறை வாங்கினேன், மெத்தென்ற சீட் வாங்கினேன், வலிக்குத் தைலம் வாங்கினேன். கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணன் என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். "சார், இது உங்க வண்டி இல்லைங்க" என்றார்.

அந்த ஒரு வரிக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். வண்டியை விற்றேன். என் அளவில், யாரோ ஓட்டிக் கழித்த ஒரு அலுமினிய வண்டியைப் பாதி விலைக்கு வாங்கினேன். இரண்டே வாரத்தில் விரல் மரப்பது நின்றது. விலை பாதி, சுகம் இரண்டு மடங்கு.

அதனால்தான் சொல்கிறேன்: கடைக்குப் போகும் முன்னால் அளவெடுங்கள். செலவில்லாத வேலை. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காரும்போது அழுந்துகிற அளவுக்கு மேலே தூக்கி வையுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை டேப் பிடியுங்கள். அதுதான் உங்கள் கால் அளவு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய ஒரு கணக்கு உண்டு. கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வரும். கால் அளவு 78 சென்டிமீட்டர் என்றால் சீட் உயரம் ஏறத்தாழ 69. இது தொடக்கப்புள்ளி, தீர்ப்பு அன்று. இங்கிருந்து அரை சென்டிமீட்டர் ஏற்றி, அரை சென்டிமீட்டர் இறக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும்.

உடம்பு சொல்லுமா? நன்றாகச் சொல்லும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் உயரம். சீட்டில் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் அதுவும் உயரம்தான். கை மரத்தால், உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது என்று பொருள். ஹேண்டில்பார் எட்டத்தில் இருக்கலாம், மிகத் தாழ்வாக இருக்கலாம். நம்மில் எத்தனை பேர் இந்த மொழியைக் காது கொடுத்துக் கேட்கிறோம்? வலி மாத்திரை போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறோம்!

பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்கு அது பொதுவாகச் சற்று அகலம். வண்டியோடு வந்த சீட் வலிக்கிறது என்றால் பழக்கமாகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். அகலம் பார்த்து மாற்றுங்கள். மெத்தை கூடினால் சுகம் கூடும் என்பதும் பொய். எலும்பு மெத்தையில் புதைந்து, அழுத்தம் படக்கூடாத இடத்தில் போய் அழுத்தும்.

பெண்களும் சைக்கிளும் என்றால் தமிழ்நாட்டில் யாருக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வராது? 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்களா? ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். அதில் ஒரு பார் இருக்கிறதே, அதில் குழந்தையை உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தடையாக இருந்த கம்பியைத் தங்கள் பிள்ளைக்கு இருக்கையாக்கிக்கொண்டார்கள். வண்டியைத் தங்களுக்கு ஆக்கிக்கொள்வது என்றால் இதுதான் அம்மா, இதுதான்!

இனி கடல் தாண்டிப் பிரான்சுக்குப் போவோம். நான் கேட்கும் இதே கேள்வியில் அங்கே இரண்டு பெரிய மனிதர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். ஒருவர் ஆன்ரி தெகிரான்ஜ். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி, முதல் அதிகாரபூர்வ மணிநேரச் சாதனையைப் படைத்தவர். 1903-இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவரும் அவரே. மற்றவர் பால் த விவி. செயின்ட் எட்டியன் நகரத்துக்காரர். வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். பந்தய வீரர் அல்லர். மலை மலையாகச் சுற்றியவர்.

சண்டை எதைப் பற்றி? கியர் பற்றி! மலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் பல கியர் வேண்டும் என்றார் வெலோசியோ. கியர் மாற்றுவது வயதானவர்களுக்கு, தசையின் பலத்தால் வெல்வதுதான் விளையாட்டு என்றார் தெகிரான்ஜ். பந்தயம் அவர் கையில் இருந்தது. விதியும் அவர் கையில் இருந்தது. விளைவு என்ன தெரியுமா? 1910-இல் டூர் முதன்முறையாக பிரெனே மலைத்தொடரின் தூர்மலே கணவாயில் ஏறியது. 2,115 மீட்டர் உயரம். அந்த ஆண்டின் வெற்றியாளர் ஒக்தாவ் லப்பீஸ், அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பிரான்சின் தலைசிறந்த வீரர், வண்டியைத் தள்ளிக்கொண்டு! பின்னாளில் சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, பிறகு ஏறினார்கள். உச்சியில் மறுபடி கழற்றி மாட்டினார்கள். பனியில் விரல் விறைத்தாலும் இதே வேலைதான்.

அதே தூர்மலேயில் 1902-இலேயே பிரெஞ்சு சுற்றுலாச் சங்கம் ஒரு சோதனைப் பந்தயம் வைத்திருந்தது. மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் வண்டியில் வந்தார். கால் தரையில் படாமல் ஓட்டி முடித்தார். கண்ணுக்கு முன்னால் சான்று. ஆனாலும் டூர் பந்தயத்தில் கியர் மாற்றும் பொறி முன்னணி வீரர்களுக்கு அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான். முப்பத்தைந்து ஆண்டுகள்! அத்தனை முட்டிகள் எதற்காகத் தேய்ந்தன? வண்டி நமக்கு என்று ஒப்புக்கொள்ள ஒரு தலைமுறை பிடித்தது.

நண்பர்களே, இதைப் பழங்கதை என்று நினைக்காதீர்கள். அந்தச் சண்டை இன்றும் கடைவாசலில் நடக்கிறது. "பெரிய பல்சக்கரம் இருந்தால்தான் வேகம், சின்னது ஆரம்பநிலை ஆட்களுக்கு" என்று யாராவது சொல்வார்கள். அவர் வாயில் தெகிரான்ஜ் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நம் ஊர் மலையிலேயே போடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 1,400 மீட்டருக்கு மேல். பழைய பந்தய வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 39 பல், பின்னால் பெரியதற்கு 25 பல் இருக்கும். அதில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி மூன்றேகால் மீட்டர் நகரும். இப்போது கிடைக்கும் வண்டிகள் பலவற்றில் முன்னால் 34, பின்னாலும் 34 வைக்கலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பேர் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர் நிமிடத்துக்கு 41 சுற்று மிதிப்பார். இரண்டாமவர் 63 சுற்று. வேகம் ஒன்று, மலை ஒன்று, ஆனால் முதலாமவரின் ஒவ்வொரு மிதியிலும் ஒன்றரை மடங்கு கனம். கோத்தகிரி போய்ச் சேர்வதற்குள் அவர் பத்தாயிரம் முறை அந்தக் கனத்தை மிதித்திருப்பார். மற்றவர் பதினைந்தாயிரத்து எழுநூறு முறை லேசாக மிதித்திருப்பார். பத்தாயிரம் கனத்த மிதி வேண்டுமா, பதினைந்தாயிரம் இலகுவான மிதி வேண்டுமா? முட்டியைக் கேளுங்கள், அது பதில் சொல்லும்.

ஆகவே வாங்கும்போது பின் கேசட்டின் பெரிய பல்சக்கரம் எத்தனை பல் என்று கேளுங்கள். 32, 34 என்றால் தயங்காமல் எடுங்கள். கியர்த் தொகுதி எந்த ரகம், பின்னால் எட்டா, ஒன்பதா, பத்தா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எட்டு இருந்தால் போதும். ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் போட்டால் அதுவே பல ஆண்டு உழைக்கும்.

கார்பன் வாங்கலாமா என்று இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார். தம்பி, பணம் இருந்தால் வாங்குங்கள், அழகான பொருள். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். ஒரு கிலோ குறைந்த வண்டி வாங்கினால் எண்பதில் ஒரு பங்கு குறைகிறது. கோத்தகிரிக்கு நாலு மணி நேரம் ஏறுபவருக்கு மிச்சமாவது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கிறோம். பந்தயத்தில் மூன்று நிமிடம் பெரிது. நமக்கு அது கோத்தகிரியில் ஒரு டீ குடிக்கும் நேரம். உலகச் சைக்கிள் சங்கம் பந்தய வண்டிக்கு 6.8 கிலோ என்று கீழ் எல்லை வைத்திருக்கிறது. அதற்குக் குறைவாகப் பந்தய வீரனே ஓட்ட முடியாது. நாம் எதற்கு கிராம் கிராமாக எண்ண வேண்டும்?

அதைவிட டயரைப் பாருங்கள். முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் கல்லைப்போல் காற்றடித்து ஓட்டினோம். இன்று பந்தய வீரர்களே 28-க்கு வந்துவிட்டார்கள். கல்லாக அடித்த டயர் நம் சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குதிக்கும். குதிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் மிதித்த சக்தி வீணாகும். 28 மில்லிமீட்டர் டயருக்கு, எழுபது கிலோ ஆளுக்கு, 70 பி.எஸ்.ஐ. பக்கம் அடித்தால் போதும். இடமிருந்தால் 32 போடுங்கள். முதலில் வாங்க வேண்டிய துணைப்பொருள் எது என்று கேட்டால், அளவு காட்டும் நல்ல பம்ப் என்பேன். பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு கடை இல்லாத சாலையில் நிற்கும்போது அது தெரியும்.

வண்டி விலையா, ஓட்டுபவருக்குப் பொருந்துவதா, எது பெரிது? இதற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கிரேம் ஓப்ரீ. கடன் சுமையில் இருந்த அமெச்சூர் வீரர். தன் உடம்புக்குத் தானே ஒரு வண்டி செய்தார். கைகளை நெஞ்சுக்கு அடியில் மடக்கி, குனிந்து கிடக்கும் ஒரு விசித்திர நிலை. பழைய வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைக்கூட அதில் பயன்படுத்தினார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமர் நகரில் மணிநேரச் சாதனைக்கு வந்தார். முதல் நாள், தன் வண்டியைப் பார்த்து வேறொருவர் செய்துகொடுத்த புது வண்டியில் ஓட்டினார். தோற்றார். எல்லாரும் முடிந்தது என்றார்கள். மறுநாள் காலை தன் பழைய வண்டியோடு வந்து நின்றார். 51.596 கிலோமீட்டர்! பிரான்செஸ்கோ மோசர் வைத்திருந்த ஒன்பதாண்டுச் சாதனை உடைந்தது. தெகிரான்ஜ் 35 கிலோமீட்டர் ஓட்டிய ஆண்டிலிருந்து சரியாக நூறாவது ஆண்டு அது. முந்தின நாள் தோற்ற அதே கால்கள். மாறியது வண்டி மட்டுமே.

சரி, வண்டி வாங்கியாயிற்று. ஓட்டுவது எப்படி?

சமதளத்தில் நம் எதிரி காற்று. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு! 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். முன்னே சொன்ன கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேட்டை விபத்தில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்து பிழைத்து வந்தவர். மிச்சமிருப்பது வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம். முன்னிலையில் இருந்த லொரான் ஃபின்யோன் தலைக்கவசம் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். லெமாண்ட் கூர்மையான தலைக்கவசம் அணிந்து, முழங்கைகளை ஒடுக்கி வைக்கும் கம்பியைப் பொருத்தி, முதுகைத் தாழ்த்தி ஓட்டினார். மூன்று வாரம் ஓடிய பந்தயத்தை 8 விநாடியில் வென்றார். எட்டு விநாடி!

நமக்கு இதில் பாடம் அந்தக் கம்பியை வாங்குவது அன்று. எதிர்காற்றில் முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, தோளைத் தளர்த்தி, உடம்பைச் சுருக்கினால் போதும். காசு செலவில்லாமல் வேகம் வரும். நான்கு பேர் முறை வைத்து முன்னே போனால் பின்னால் வருபவருக்குப் பெரிய அளவில் சக்தி மிச்சம். ஆனால் லாரிக்குப் பின்னாலும் பேருந்துக்குப் பின்னாலும் ஒட்டிப் போகாதீர்கள். முன்னே சாலை தெரியாது; ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் தப்ப முடியாது. இதை இங்கிருக்கும் ஒவ்வொரு இளைஞரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏறுவது உழைப்பு, இறங்குவது பொறுப்பு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறும்போது வேகம் பத்துக்கும் கீழே. யாரும் பெரிதாக விழுவதில்லை. இறங்கும்போதுதான் வண்டி நம்மை ஓட்டத் தொடங்குகிறது. அங்கேயும் அதே கேள்வி: வண்டி நமக்கா, நாம் வண்டிக்கா? வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை இறுக்காதீர்கள். வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதில் பாரத்தை இறக்குங்கள். கண்ணைப் பள்ளத்தில் வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் வையுங்கள்; கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். நீளமான இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். ஹெல்மெட் வார் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவில் இறுகியிருக்கட்டும். தளர்ந்த ஹெல்மெட் தலையில் இருந்தும் இல்லாததுதான்.

அடுத்தது பயிற்சி. இங்கேதான் நம்மில் பலர் உடம்போடு சண்டை பிடிக்கிறோம். தினமும் மூச்சு முட்ட ஓட்டினால்தான் பயிற்சி என்று நினைக்கிறோம். நேற்றைய வேகத்தை இன்று முந்த வேண்டும், நண்பரின் வேகத்தை நாளை முந்த வேண்டும். மூன்று மாதத்தில் என்ன ஆகிறது? முட்டி வலி, தூக்கமின்மை, சலிப்பு. வண்டி பால்கனிக்குப் போகிறது. அதன்மேல் துண்டு காய்கிறது.

உலகின் சிறந்த வீரர்கள் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள்? ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் அறிஞர், நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். ஐந்து பயிற்சியில் ஏறத்தாழ நான்கை அவர்கள் நிதானமாகச் செய்கிறார்கள். ஒன்றை மட்டும் கடுமையாகச் செய்கிறார்கள். நிதானம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டானால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இதற்குக் கருவி வேண்டாம். பவர் மீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நட்பு போதும்.

வேலைக்குப் போகிறவர் வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் ஓட்டட்டும். அதில் ஒரு நாள் மட்டும், நாலு நிமிடம் மூச்சு வாங்க மிதித்து நாலு நிமிடம் ஓய்வாக மிதிப்பதை நான்கு முறை செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம். அந்த நீண்ட தூரத்தை வாரத்துக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். நான்காவது வாரம் குறைத்து ஓட்டுங்கள். தசை வளர்வது மிதிக்கும்போது இல்லை, உறங்கும்போது.

பங்குனி, சித்திரை வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை வேகத்தை மறந்துவிடுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு வந்து சேருங்கள். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது உள்ளே போகட்டும், அதில் ஒரு சிட்டிகை உப்பு இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. மோர் இருக்கிறது, பானகம் இருக்கிறது. நம் பாட்டிமார் இந்த வெயிலுக்கென்றே கண்டுபிடித்த பானங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும் சாப்பிடுங்கள். வெலோசியோ தன் வாசகர்களுக்குச் சொன்ன அறிவுரையின் சாரம் இதுதான்: பசிக்கும் முன்னால் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னால் குடி, உணவும் உறக்கமும் கெடும் அளவுக்கு ஓட்டாதே, பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே.

பெருமைக்காக மிதிக்காமல் எவ்வளவு தூரம் போகலாம்? இந்தியாவில் பல ஊர்களில் நடக்கும் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தைப் பாருங்கள். 200 கிலோமீட்டர், கொடுக்கப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. வகுத்துப் பாருங்கள்: டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது! முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. முடித்த எல்லாருக்கும் ஒரே மரியாதை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாரிசிலிருந்து கடலோர பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம் தருகிறார்கள். 1891-இல் அது முதன்முதலில் பந்தயமாக நடந்தபோது ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். கியர் மாற்றும் வசதி இல்லை, தார்ச் சாலை இல்லை. ஆனால் டயரில் காற்று இருந்தது; அன்று அதுவே புதுமை. இன்று நம் நாட்டிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், வங்கி ஊழியர்கள் அங்கே போய் ஓட்டி முடித்து வருகிறார்கள். அவர்கள் நம்மைவிட வேகமானவர்களா? பலர் இல்லை. நின்று நிதானமாக, தொடர்ந்து ஓட்டத் தெரிந்தவர்கள்.

அன்புள்ளவர்களே, பேசியது போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரிச் சாலை தொடங்கும் இடத்தில் நிற்பேன். கையில் ஒரு டேப்பும், ஒரு செட் அலன் கீயும், அளவு காட்டும் பம்பும் இருக்கும். எந்த வண்டி இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். பழைய வண்டியா, கொண்டுவாருங்கள். பிள்ளையின் வண்டியா, பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிவாருங்கள். ஒவ்வொருவர் சீட்டையும் அளந்து சரிசெய்துவிட்டுத்தான் ஏறத் தொடங்குவோம்.